அத்துமீறி நுழைந்த வழக்கு: அபராதம் கட்டும் முன் ராஜிக்கு வழியுண்டா என்று பாருங்கள்

சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டை ஒட்டிய மனைக்குள் புகுந்து வேலிக்கல்லைப் பிடுங்கியதாக என் மாமா மீது பதிவான வழக்கு, எட்டு மாதத்துக்குப் பின் ராஜியில், அதாவது இரு தரப்பின் சமரசத்தில், முடிந்தது. அலைந்தவன் நான் என்பதால், அலைந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் முதல் தகவல் அறிக்கையில் உள்ள பிரிவைப் பாருங்கள். சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முந்தையது என்றால் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 447 அல்லது 448 இருக்கும். பிந்தையது என்றால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329(3) அல்லது 329(4) இருக்கும். நிலத்துக்குள் நுழைந்ததற்கு மூன்று மாதமும், வீட்டுக்குள் நுழைந்ததற்கு ஓராண்டும் அதிகபட்சச் சிறை. புதிய சட்டத்தில் இரண்டுக்கும் அபராத உச்சவரம்பு 5,000 ரூபாய். இவை ஜாமீனில் விடத்தக்க குற்றங்கள்.

குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் கோப்புக்கு எடுத்ததும், எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இடம் கொண்ட சி.என்.ஆர். எண்ணை, அதாவது வழக்கின் தனி அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். வாய்தா தேதிக்குக் குமாஸ்தாவின் நினைவாற்றலைவிட ஈகோர்ட்ஸ் செயலியையே நான் நம்புவேன். வாய்தாவைத் தவறவிட்டால் பிடியாணை பிறக்கலாம்.

அடுத்த படியில்தான் நாங்கள் தடுக்கி விழப் பார்த்தோம். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று வராந்தாவில் பலர் சொல்ல, மாமாவும் தலையாட்டிவிட்டார். அன்று நீதிபதி விடுப்பில் இருந்ததால் தப்பினோம். ஒப்புக்கொண்டால், தொகை எவ்வளவு சிறியதானாலும், அது தண்டனைத் தீர்ப்பு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359-ஆம் பிரிவின்படி ராஜியானால், அது விடுதலைக்குச் சமம். இந்தக் குற்றத்துக்கு நீதிமன்றத்தின் முன் அனுமதியும் தேவையில்லை.

ஆனால் ராஜி மனுவில் கையெழுத்திட வேண்டியவர் பத்திரத்தில் பெயருள்ளவர் அல்லர், இடத்தை அனுபவத்தில், அதாவது தன் கைவசம், வைத்திருப்பவர். புகார் கொடுத்த உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனோம். அந்த மனை ஒரு மரக்கடைக்காரரிடம் வாடகைக்கு இருந்ததால் மனு திரும்பியது. அவரைத் தேடிப் பிடித்து, நேரில் அழைத்து வருவதற்குள் இரண்டு வாய்தா போயிற்று.

எதிர்த்தரப்பு ராஜிக்கு இணங்காவிட்டால் வழக்கை நடத்துங்கள். குற்றம் செய்யவோ, அனுபவத்தில் இருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ வேண்டும் என்ற நோக்கத்தை அரசுத்தரப்பு நிரூபித்தாக வேண்டும். நுழைந்தார் என்பது மட்டும் போதாது.

பிற்சேர்க்கை: ராஜியான பிறகும் வழக்கு ஏன் முடியவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஆபாசமாகத் திட்டியதற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(ஆ) பிரிவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது 359-இன் ராஜியாகத்தக்க குற்றப் பட்டியலில் இல்லை. அப்படியானால் சமரச உறுதிமொழியுடன் சென்னை உயர் நீதிமன்றத்தில், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவின் கீழ், வழக்கை ரத்து செய்யக் கோரும் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.