ஏழைகளுக்குப் பணியாற்றும் துறவற சபையில் சேர விரும்பும் பெண்ணுக்கு

அருட்சகோதரியாக வேண்டும் என்ற விருப்பம் ஒரு பெண்ணின் மனத்தில் எழும்போது, எந்தச் சபையில் சேர்வது என்ற கேள்விக்குத் தனக்குப் பாடம் சொல்லித்தந்த அல்லது தன் பாட்டியைக் கவனித்துக்கொண்ட ஒரு சகோதரியின் முகத்தையே அவள் பெரும்பாலும் விடையாகக் கொள்கிறாள். அதில் தவறில்லை, ஆனால் அது மட்டும் போதாது. அறப்பணிக்கென்றே தோன்றிய சபைகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குறிப்பிட்ட துயரத்தைக் கண்ணெதிரே கண்ட ஒருவரால் தொடங்கப்பட்டவை. ஆகவே, எந்தத் துயரத்தின் அருகில் நாற்பது ஆண்டுகள் நிற்க உங்களால் முடியும் என்பதை முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உடையையோ, இல்லத்தின் அழகையோ, சபையின் புகழையோ வைத்துத் தேர்வதைவிட இந்தக் கேள்வி உங்களை நேராக அழைத்துச் செல்லும்.

சபைகளுக்கு இடையிலான வேறுபாட்டைத் திருச்சபை தனிவரம், அதாவது ஒவ்வொரு சபைக்கும் உரிய சிறப்பு அழைப்பு, என்ற சொல்லால் குறிக்கிறது. 1633இல் பாரிஸ் நகரில் புனித வின்சென்ட் தே பவுலும் புனித லூயிஸ் தெ மரியாக்கும் தொடங்கிய பிறரன்புப் புதல்வியரை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் துறவியர் மதிலுக்குள் அடைபட்டு வாழ்வதே முறை என்றிருந்த காலத்தில், நோயாளிகளின் வீடுகளே உங்கள் மடம், பங்கு ஆலயமே உங்கள் சிற்றாலயம், நகரத்துத் தெருக்களே உங்கள் முற்றம் என்று வின்சென்ட் அவர்களுக்குச் சொன்னார். அச்சபையினர் இன்றும் ஆண்டுதோறும் தங்கள் வார்த்தைப்பாட்டை, அதாவது கடவுளுக்குத் தரும் துறவற வாக்குறுதியை, புதுப்பிக்கிறார்கள். 1839இல் பிரான்சு நாட்டின் செயின்ட் செர்வான் ஊரில், பார்வையிழந்த ஒரு முதிய பெண்ணைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து தன் கட்டிலையே கொடுத்தார் ழான் ஜுகான். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அந்தக் கட்டிலிலிருந்து தொடங்கியது. அச்சபை இன்றும் வறிய முதியோரையே கவனிக்கிறது. அன்னை தெரேசா கொல்கத்தாவில் தொடங்கி, 1950இல் திருச்சபையின் ஏற்பைப் பெற்ற பிறரன்பின் பணியாளர் சபையில், கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்றுடன், வறியவரிலும் வறியவருக்கு முழுமனத்தோடும் கைம்மாறு கருதாமலும் பணியாற்றும் நான்காவது வார்த்தைப்பாடும் உண்டு. மூன்றுமே ஏழைகளுக்கான சபைகள்தாம். ஆயினும் ஒன்றில் மகிழ்ச்சியோடு வாழக்கூடிய பெண் மற்றொன்றில் வாடிப்போகலாம்.

ஆகவே படித்துத் தெரிந்துகொள்வதோடு நிறுத்தாமல் நேரில் போய்ப் பாருங்கள். பல சபைகள் "வந்து பாருங்கள்" என்ற பெயரில் சில நாள் தங்கும் முகாம்களை நடத்துகின்றன. விழாநாளில் போகாமல் சாதாரண வேலைநாளில் போவதே நல்லது, அதுவும் விடியற்காலையில். நான் ஒரு முதியோர் இல்லத்தில் கண்டதைச் சொல்கிறேன். பேச்சிழந்து படுக்கையில் கிடந்த ஒரு மூதாட்டியைத் துடைத்துவிட வந்த சகோதரி, முதலில் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வெந்நீரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மூதாட்டியின் பெயரைச் சொல்லி அழைத்து, "இப்போது இடது கையைத் தூக்கப்போகிறேன்" என்று அறிவித்த பின்னரே கையைத் தொட்டார். பதில் வராது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வோர் அசைவுக்கு முன்னும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சபையின் தனிவரம் அதன் கையேட்டில் அழகாக அச்சிடப்பட்டிருக்கலாம். அது உயிரோடிருக்கிறதா என்பதை இத்தகைய கைகளைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். சாப்பாட்டு மேசையையும் கவனியுங்கள். அங்கில்லாத ஒரு சகோதரியைப் பற்றி மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், வயதான சகோதரிகளுக்கு யார் பரிமாறுகிறார்கள் என்பவை உங்கள் எதிர்கால வீட்டைப் பற்றி நிறையச் சொல்லும்.

செபநேரங்களிலும் உடனிருங்கள். பணிதான் முக்கியம், செபம் அதற்கு முன்னும் பின்னும் வருவது என்று எண்ணிச் சேர்பவர்கள் சில ஆண்டுகளில் களைத்துப்போகிறார்கள். சேவை மட்டுமே உங்களை ஈர்க்கிறது என்றால் செவிலியராகவோ சமூகப் பணியாளராகவோ அதை நிறைவாகச் செய்யலாம், அதில் எந்தக் குறைவும் இல்லை. இந்த இரண்டுக்கும் இடையே தெளிவு பெற, நீங்கள் சேர விரும்பும் சபையைச் சாராத ஒரு ஆன்ம வழிகாட்டியிடம் தொடர்ந்து பேசுவது பெரிதும் உதவும்.

கீழ்ப்படிதலைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள். படித்த படிப்புக்கு ஏற்ற பணி கிடைக்குமா, எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றம் வரும், வீட்டுக்கு எப்போது போகலாம், பெற்றோர் நோயுற்றால் என்ன வழக்கம் என்றெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. உங்களுக்குப் பிடித்த பணி உங்களிடமிருந்து எடுக்கப்படவும் கூடும். ழான் ஜுகானே தலைமையிலிருந்து அகற்றப்பட்டு, 1852இல் சபையின் தலைமையிடமான தாய் இல்லத்துக்கு அழைக்கப்பட்டு, 1879இல் இறக்கும்வரை அமைதியாக வாழ்ந்தார். அவரே நிறுவுநர் என்பது உடன் வாழ்ந்த இளஞ்சகோதரிகள் பலருக்குத் தெரியாது. 2009இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார் என்பதை நினைத்து ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அந்த 27 ஆண்டுகளை அவர் எந்த அறிவிப்பையும் எதிர்பார்த்துக் கழிக்கவில்லை என்பதையே நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன்.

விண்ணப்பிக்கும்போது திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றுகளும், திருமணமாகாதவர் என்பது போன்ற உங்கள் நிலைக்கான சான்றும் தேவைப்படும். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, 17 வயது நிறையாதவரையும், திருமண பந்தம் நீடிப்பவரையும், வற்புறுத்தலாலோ அச்சத்தாலோ ஏமாற்றப்பட்டோ வருபவரையும் நவகன்னியர் பயிற்சியில், அதாவது முதல் வார்த்தைப்பாட்டுக்கு முந்திய துறவறப் பயிற்சியில், சேர்ப்பது செல்லாது. திருப்பிச் செலுத்த இயலாத கடன் உள்ளவரையும் சேர்க்கக் கூடாது. உடல்நலத்தையோ பழைய மனவேதனைகளையோ மறைக்காதீர்கள், ஏனெனில் பின்னாளில் அந்தச் சுமை உங்களையே அழுத்தும்.

சேர்ந்தபின் முதலில் சபைக்குச் சபை மாறுபடும் அறிமுகக் காலம் உண்டு. அதன்பின் நவகன்னியர் பயிற்சி குறைந்தது 12 மாதங்கள் நடைபெறும். இரண்டு ஆண்டுகளுக்குமேல் அது நீளக் கூடாது. இக்காலத்தில் மொத்தமாக மூன்று மாதங்களுக்குமேல் பயிற்சி இல்லத்துக்கு வெளியே இருந்தால் பயிற்சியே செல்லாமல் போகும் என்பதால், வீட்டு விழாக்களுக்கு உங்களை எதிர்பார்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 18 வயது நிறைந்தவர் முதல் வார்த்தைப்பாட்டை எடுக்கலாம். தற்காலிக வார்த்தைப்பாட்டுக் காலம் மூன்று முதல் ஆறு ஆண்டுகள். நீட்டித்தாலும் மொத்தம் ஒன்பதைத் தாண்டக் கூடாது. வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

சொத்து பற்றிய பேச்சை வீட்டில் ஒத்திப்போடாதீர்கள். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் உங்கள் உடைமைகளின் நிர்வாகத்தை நீங்கள் விரும்பும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன், நாட்டுச் சட்டப்படியும் செல்லக்கூடிய உயில் எழுதியாக வேண்டும். அதன்பின் உங்கள் உழைப்பால் வருவது சபையைச் சேரும், உங்கள் தேவைகளைச் சபை கவனிக்கும்.

நவகன்னியாக இருக்கும்போது எந்த நாளிலும் நீங்கள் விரும்பி வெளியேறலாம். தற்காலிக வார்த்தைப்பாட்டுக் காலம் முடியும்போதும் புதுப்பிக்காமல் விடைபெறலாம். பணியாற்றிய ஆண்டுகளுக்காக ஊதியம் கோரும் உரிமை இல்லையென்றாலும், விடைபெறுபவரை நீதியோடும் அன்போடும் நடத்த வேண்டிய கடமை சபைக்கு உண்டு. அது நடைமுறையில் எப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் சேரும் முன்பே கேட்டுவைப்பது நல்லது. இத்தனை ஆண்டுகள் கால அளவாகத் தரப்பட்டிருப்பதே தெளிந்து முடிவெடுப்பதற்காகத்தான் என்பதைப் பெற்றோருக்கும் இப்போதே சொல்லிவையுங்கள். மகள் ஒருநாள் பெட்டியோடு திரும்பி வந்தால், காரணம் கேட்பதைச் சில வாரங்களேனும் தள்ளிப்போட்டு, அவள் பழைய அறையை அவளுக்குத் திறந்துவிட அவர்களால் அப்போது முடியும்.