ஆளி விதைப் பொடி
ஆளி விதையைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடிக்கச் சொல்வார்கள். அந்த வழவழப்பு எனக்கு ஆகாது. எங்கள் வீட்டில் அது இட்லிப் பொடிதான்.

100 கிராம் விதையை இரும்புச் சட்டியில், எண்ணெய் விடாமல், சிறு தீயில் கிளறிக்கொண்டே வறுங்கள். படபடவென்று வெடிக்கும். வெடிப்பு அடங்கி வாசனை வந்ததும் உடனே தட்டில் கொட்டுங்கள். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகிக் கசக்கும்.

அப்புறம் 50 கிராம் உளுந்து, 8 காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, துளி புளி. தனித்தனியாக வறுத்து, நன்றாக ஆறியபின் உப்புச் சேர்த்து மிக்சியில் விட்டுவிட்டு அரையுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டுக் கட்டியாகிவிடும். கொஞ்சம் கொரகொரப்பாக இருப்பதே ருசி.

பொடித்த ஆளி விதை சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அதனால் கொஞ்சமாக அரைத்து, ஃப்ரிட்ஜில் வையுங்கள். நல்லெண்ணெயில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.