மோர்ஸ் தேர்வு: புள்ளி எண்ணும் பழக்கத்தை ஒழித்தது இப்படி

இந்திய ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) பொதுநிலை உரிமத் தேர்வில், புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் மோர்ஸ் குறியீட்டின் வேகம் நிமிடத்துக்கு 8 சொல். சொல்லுக்கு 5 எழுத்து என்ற கணக்கில் 5 நிமிடத்தில் 200 எழுத்து. அதே வேகத்தில் பயிற்சி எடுத்ததுதான் சிக்கல். ஒரு புள்ளி 150 மில்லிசெகண்ட் நீள்வதால் மனம் தானாகப் புள்ளிகளை எண்ண ஆரம்பிக்கிறது. வெறும் புள்ளிகளால் ஆன எஸ் (3), எச் (4), '5' என்ற எண் (5) மூன்றும் குழம்பிவிடும்.

பயிற்சிச் செயலியில் எழுத்தின் வேகத்தை நிமிடத்துக்கு 18 சொல் ஆக்கி, இடைவெளியை மட்டும் நீட்டி மொத்த வேகத்தை 8-இல் நிறுத்தினேன். புள்ளி 67 மில்லிசெகண்டாகச் சுருங்கும். எண்ண நேரமே இருக்காது, எழுத்தின் ஓசைதான் காதில் பதியும். சுருதி 600 ஹெர்ட்ஸ் எனக்குச் சரியாக இருந்தது. இரண்டு எழுத்தில் தொடங்கி, பத்துக்கு ஒன்பது சரியாக வந்த பிறகே அடுத்ததைச் சேர்த்தேன்.

கேட்டு எழுதும்போது ஓர் எழுத்து தவறினால் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு நகருங்கள். அதையே யோசித்தால் அடுத்த மூன்றும் போய்விடும்.

அனுப்பும்போது கோடு மூன்று புள்ளி நீளம், எழுத்துக்கிடையே இடைவெளி மூன்று புள்ளி, சொல்லுக்கிடையே ஏழு. பதற்றத்தில் முதலில் சுருங்குவது சொல் இடைவெளிதான். அதைத் தனியாகப் பழகுங்கள். தேர்வின் மெதுவான ஓசை புதிதாகத் தோன்றாமலிருக்க, முந்தைய வாரம் மட்டும் எழுத்து வேகத்தை 12-க்கு இறக்கிக் கேட்டு வையுங்கள்.