தேயிலைத் தோட்ட லயத்தில் பாரிசவாதம் வந்தால்: ஸ்கேன் எடுக்கும் வரை

வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது. இதில் ஒன்று திடீரென வந்தாலே பாரிசவாதம், அதாவது மூளையின் இரத்தக்குழாய் அடைத்தது அல்லது வெடித்தது, என்று எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகமா? பல்லைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணை மூடி, உள்ளங்கை மேலே இருக்க, இரு கைகளையும் 10 விநாடி நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். பலமில்லாத கை மெல்லத் திரும்பிக் கீழே இறங்கும். "கொழுந்துக் கூடை கனமா இருக்கு" என்று திருப்பிச் சொல்ல வையுங்கள்.

எண்ணெய் தேய்க்க உட்காராமல் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. லயத்தில் சிக்னல் கிடைக்காவிட்டால் ஒருவரை மேட்டுக்கு ஓட்டுங்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிஷனையும், வாகனம் எந்த இடம் வரை வரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது நேரம். நீங்கள் பார்த்த நேரம் அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம். விடியற்காலை எழும்போதே கை வரவில்லை என்றால், கணக்கு முதல் நாள் இரவு படுத்த நேரத்திலிருந்து தொடங்கும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான எல்லை 4.5 மணித்தியாலம், மலைப்பாதை வளைவுகளில் அதில் பாதி போய்விடும். மணி பார்க்காதவர்களிடம் "பெரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகும்போது எப்படி இருந்தாங்க? மத்தியானம் கொழுந்து நிறுக்கும்போது?" என்று கேளுங்கள், நேரம் பிடிபடும்.

வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள், சாயத்தண்ணி (பால் இல்லாத தேநீர்) கூட. விழுங்கும் தசை பலமிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். வெற்றிலை குதப்பியிருந்தால், ஈரத்துணியை விரலில் சுற்றி, கன்னத்தின் உட்புறம்வரை துடைத்து எடுங்கள், பொய்ப்பல்லையும் கழற்றுங்கள். சீனி வருத்தம் உள்ளவரென்றால் டிஸ்பென்சரியில் விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சீனி மிகவும் இறங்கினாலும் இதே மாதிரி கை கால் விழும்.

அதிகம் நடக்கும் தவறு, வீட்டிலிருக்கும் பிரஷர் மாத்திரையையோ அஸ்பிரினையோ திணிப்பது. குழாய் அடைத்ததா, வெடித்ததா என்பது ஸ்கேனில்தான் தெரியும். சீனாவில் அம்புலன்ஸிலேயே பிரஷரைக் குறைத்துப் பார்த்த இன்டராக்ட் 4 ஆய்வு (2024, சுமார் 2,400 பேர்) இதைத் தெளிவாகக் காட்டியது: இரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு நன்மை, அடைப்பு உள்ளவர்களுக்குத் தீமை, மொத்தத்தில் பலனில்லை. ஆக, மாத்திரை கொடுப்பது சூதாட்டம்தான்.

படிக்கட்டில் இறக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு இறங்கிவிடும். அந்தக் கையை நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டி, கம்பளியின் நான்கு மூலையையும் நான்கு பேர் பிடித்து இறக்குங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

சொந்த வாகனத்தில் போவதென்றால், சி.டி. ஸ்கேன் இல்லாத இடத்தில் நேரத்தைக் கரைக்காதீர்கள். எங்கே இருக்கிறது என்று தோட்ட வைத்திய உதவியாளரைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். கிளினிக் கொப்பியை மறக்க வேண்டாம். அதிலுள்ள எடை உதவும், ஏனென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி எடைக்கணக்கில்தான்: அல்டெப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், ஒரு மணித்தியாலம் ஏற்ற வேண்டும். டெனெக்டெப்ளேஸ் கிலோவுக்கு 0.25, ஒரே தடவையில் முடிந்துவிடும்.

4.5 மணித்தியாலம் தாண்டிவிட்டதென்று வீட்டிலேயே வைத்துவிடாதீர்கள். பெரிய குழாய் அடைப்பில் தொடை வழியே கம்பி செலுத்திக் கட்டியை எடுக்கும் சிகிச்சை, ஸ்கேன் பார்த்துத் தெரிந்தெடுத்த சிலருக்கு 24 மணித்தியாலம் வரை பயன்படும் என்று டோன் (DAWN) ஆய்வு காட்டியது. எல்லா ஆஸ்பத்திரியிலும் அது கிடையாது. வார்டு டாக்டரிடம் கேட்கலாம், தவறில்லை.

கசிவு என்றால் கணக்கு வேறு. இலங்கை நோயாளிகளும் சேர்ந்த இன்டராக்ட் 3 (2023) ஆய்வில், மேல் பிரஷரை ஒரு மணித்தியாலத்துக்குள் 140க்குக் கீழ் கொண்டுவருவது, சீனியையும் காய்ச்சலையும் அடக்குவது, வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) எடுப்பவருக்கு அதன் வேலையை முறிப்பது எல்லாம் ஒன்றாகச் செய்யப்பட்டபோது மக்கள் கூடுதலாகத் தேறினார்கள். வார்ஃபரின் விஷயத்தை டாக்டர் உங்களிடமிருந்துதான் அறிய முடியும். மாத்திரைப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.