எந்த இரண்டு அட்டைக்கும் ஒரே ஒரு பொதுப் படம்: வீழ்ப்புத் தளம் கட்டும் முறை

டாபிள் அட்டை விளையாட்டில் அட்டைக்கு எட்டுப் படங்கள். எந்த இரண்டு அட்டைகளை உருவினாலும் இரண்டிலும் பொதுவாக ஒரே ஒரு படம்தான் இருக்கும். சொந்தப் படங்களை வைத்து அப்படி ஒரு கட்டு செய்யப் போய்த்தான் முடிவுறு வீழ்ப்புத் தளங்களிடம் வந்து சேர்ந்தேன்.

விதி இவ்வளவுதான்: எந்த இரண்டு புள்ளிகளையும் ஒரே ஒரு கோடு இணைக்கும், எந்த இரண்டு கோடுகளும் ஒரே ஒரு புள்ளியில் சந்திக்கும். இணைகோடு என்ற பேச்சே இல்லை. கோடு என்றதும் அடிக்கோலை எடுக்காதீர்கள். இங்கே கோடு என்பது சில புள்ளிகளின் பட்டியல். படம்தான் புள்ளி, அட்டைதான் கோடு.

தளத்தின் வரிசை ந என்றால், ஒரு கோட்டில் ந+1 புள்ளிகள், மொத்தம் ந²+ந+1 புள்ளிகள், அதே எண்ணிக்கையில் கோடுகள். வரிசை 2 என்பது 7 புள்ளி ஃபானோ தளம். அதன் படம் எல்லாப் புத்தகத்திலும் இருப்பதால் நேராக 3-க்குப் போகலாம்.

படி 1. கட்டம் போட்ட தாளில் 3×3 புள்ளிகள். நெடுக்கும் குறுக்கும் 0, 1, 2 என்று எண்ணிடுங்கள். மென்பொருள் எதுவும் வேண்டாம். இந்த அளவுக்குப் பென்சில்தான் சிறந்தது.

படி 2. சாய்வு 0, 1, 2. தொடக்க எண் 0, 1, 2. நெடுவரிசை எண்ணைச் சாய்வால் பெருக்கி, தொடக்க எண்ணைக் கூட்டி, 3-ஆல் வகுத்த மீதியை எடுங்கள்; அந்த நெடுவரிசையில் கோடு தொடும் கிடைவரிசை எண் அதுதான். சாய்வு 1, தொடக்கம் 1 என்றால் (0,1), (1,2), அப்புறம் (2,0). மேலே போன கோடு கீழிருந்து திரும்ப வருகிறது, கவனியுங்கள். இப்படி 9 கோடுகள். செங்குத்தான மூன்றையும் சேர்த்தால் 12.

படி 3. ஒரே சாய்வுள்ள மூன்று கோடுகள் ஒன்றையொன்று தொடாது. அந்த மூன்றுக்கும் பொதுவாக ஒரு புதுப் புள்ளியைச் சேருங்கள்; முடிவிலிப் புள்ளி என்பது இதுதான். செங்குத்துக் கோடுகளுக்கும் ஒன்று. ஆக நான்கு புதுப் புள்ளிகள், அந்த நான்கும் சேர்ந்து கடைசிக் கோடு. 13 புள்ளி, 13 கோடு, முடிந்தது.

சரிபார்க்க: ஒரு கோட்டில் 6 ஜோடிகள், 13 கோட்டில் 78. 13 புள்ளிகளுக்குள் இருக்கும் மொத்த ஜோடிகளும் 78தான். ஆகவே ஏதாவது ஒரு ஜோடி இரண்டு முறை வந்தால் வேறொன்று விடுபட்டிருக்கும்.

இனி 4. இங்கேதான் எனக்கு ரொம்ப நேரம் போனது. அதே முறையில் 4-ஆல் வகுத்த மீதியை எடுத்தால், சாய்வு 2, தொடக்கம் 0 உள்ள கோடு 0, 2, 0, 2 என்று போகிறது. சாய்வு 0 உள்ள கோடு 0, 0, 0, 0. இரண்டும் இரண்டு இடத்தில் முட்டிக்கொள்கின்றன! காரணம், 4-இன் மீதிக் கணக்கில் 2×2 பூச்சியமாகிவிடுகிறது. பூச்சியமல்லாத இரண்டைப் பெருக்கிப் பூச்சியம் வரக் கூடாது. பகா எண்களில் அது வராது, 4-இல் வருகிறது.

அதற்காக வரிசை 4 கிடையாது என்று முடிவுகட்ட வேண்டாம். கணக்கைத்தான் மாற்ற வேண்டும். பெருக்கலில் 2×2=3, 2×3=1, 3×3=2 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டும்போது இரும எண்களாக எழுதி, மிச்சத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகாமல் கூட்டுங்கள்: 1+1=0, 1+2=3, 2+3=1. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது வெறும் எக்ஸார். இப்போது சாய்வு 2 உள்ள கோடு 0, 2, 3, 1 என்று போகும், முட்டல் தீர்ந்தது. 8, 9 போன்ற பகா எண் அடுக்குகளுக்கும் இதுபோல் தனிக் கணக்கு, அதாவது முடிவுறு களம், உண்டு.

அட்டை செய்வது மட்டுமே நோக்கம் என்றால் இவ்வளவும் வேண்டியதில்லை. எட்டுப் படத்துக்கு வரிசை 7, அதாவது 57 அட்டை. படங்களுக்கு 0 முதல் 56 வரை எண்ணிடுங்கள். முதல் அட்டை 0, 1, 3, 13, 32, 36, 43, 52. அடுத்த அட்டைக்கு ஒவ்வோர் எண்ணோடும் 1 கூட்டுங்கள். 57 வந்தால் 0 ஆக்குங்கள். 57 அட்டை வரும் வரை இதையே செய்யுங்கள். இந்த எட்டு எண்களுக்குள் கழித்துப் பார்த்தால் (57-இன் மீதிக் கணக்கில்) 1 முதல் 56 வரை ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வரும், சூட்சுமம் அவ்வளவே. பகா எண் அடுக்காக இருக்கும் எந்த வரிசைக்கும் இப்படி ஒரு தொகுப்பு உண்டு என்று 1938-இல் கணிதவியலாளர் சிங்கர் நிறுவினார். நான் எப்போதும் இந்த வழிதான்: விரிதாளில் ஒரே சூத்திரம், இழுத்துவிட்டால் போதும்.

பின்சேர்க்கை: அட்டைக்கு ஏழு படம் போதுமே என்று சிலர் கேட்டார்கள். அது வரிசை 6. அப்படி ஒரு தளமே கிடையாது. 10-உம் கிடையாது என்று 1989-இல் கணிதவியலாளர் லாமின் குழுவினர் கணினியை ஓடவிட்டுக் காட்டினார்கள். 12 இன்னும் தீராத கேள்வி.

57 அட்டை அதிகம் என்றால் வேண்டிய அளவு அட்டைகளை எடுத்துவிடலாம், விதி கெடாது. டாபிளிலேயே 55தான். ஆனால் பிடிக்காத ஒரு படத்தை மட்டும் எல்லா அட்டையிலிருந்தும் அழிக்காதீர்கள். அது இருந்த எட்டு அட்டைகளுக்குள் எந்த இரண்டுக்கும் பொதுப் படமே இல்லாமல் போகும்.