எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகும் தொந்தரவு தீரவில்லையா? மனசை இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள்

எனக்குச் செய்தது இரைப்பை பைபாஸ். இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு, சிறுகுடலை நேராக அதோடு இணைத்துவிடுவார்கள். சர்க்கரை, முழங்கால் வலி, படுத்தால் மூச்சு முட்டுவது என மூன்றும் சேர்ந்து வாட்டியதால் செய்துகொண்டேன். எடை நன்றாகக் குறைந்தது, சர்க்கரை மாத்திரை நின்றது. ஆனால் இணைத்த இடம் சுருங்கிச் சாப்பாடு அடைத்துக்கொள்ள ஆரம்பித்தது. எண்டோஸ்கோப்பி வழியாக பலூன் விட்டு விரித்தார்கள். அப்பாடா என்று உட்கார்ந்த சில மாதங்களில், சாப்பிட்டபின் சர்க்கரை தாழ்ந்துபோகும் தொந்தரவு தொடங்கியது. இரும்புச்சத்தும் ஏறுவேனா என்கிறது. இவை இன்றும் என்னோடு இருக்கின்றன.

மூன்று மாதத்தில் எல்லாம் சரியாகிப் போனவர்களுக்கு இது தேவைப்படாது. "போகப் போகச் சரியாயிடும்" என்று கேட்டுக் கேட்டு, இன்னும் சரியாகாமல் தனியாக அழுகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே கணக்கு.

முதலில் ரத்தத்தைப் பாருங்கள், அப்புறம் மனசை

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். காலையில் இட்லி சாப்பிட்டுப் பள்ளிக்குப் போவேன். இரண்டாவது பீரியடில் திடீரென்று கை நடுங்கும், முதுகெல்லாம் வியர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், நானே கரும்பலகையில் எழுதிய எண்கள் மங்கும். கூடவே காரணமே இல்லாமல், ஏதோ நடக்கப்போகிறது என்று ஒரு பயம். காட்டிய இடத்தில் "டென்ஷன், நிறைய யோசிக்காதீங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கேசரி சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் இருக்கும், அதே நடுக்கம். சர்க்கரைக்காரரான என் அத்தை தன் குளுக்கோமீட்டரை எடுத்துவந்து என் விரலைக் குத்திப் பார்த்தார். 51 காட்டியது. "பயமெல்லாம் ஒண்ணும் இல்லத்தா, சுகர் இறங்கிப்போச்சு" என்றார்.

பைபாஸ் செய்தவர்களுக்குச் சாப்பாடு வேகமாகக் குடலில் இறங்கிவிடுகிறது. சர்க்கரை ஒரேயடியாக ரத்தத்தில் ஏற, அதை அடக்க இன்சுலின் தேவைக்கு மேல் சுரக்க, 1 முதல் 3 மணி நேரத்துக்குள் சர்க்கரை தடாலென்று கீழே போகிறது. உடம்பு உடனே அட்ரினலினை இறக்குகிறது. பயப்படும்போது சுரப்பதும் அதே அட்ரினலின்தான். அதனால் அந்த நேரத்தில் வரும் பயம் உங்கள் கோழைத்தனம் கிடையாது, ரத்தத்தில் நடப்பது. இது தெரிந்த அன்றைக்கே எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

ஆகவே ஒரு குளுக்கோமீட்டர் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். படபடப்பு வந்தால் முதலில் அளந்து பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் டாக்டர் சொன்ன அளவு குளுக்கோஸ், ஏறியதும் பின்னாலேயே ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ அவித்த முட்டையோ. வெறும் இனிப்பை மட்டும் அள்ளிப் போட்டால் மறுபடி ஏறி மறுபடி இறங்கும். நேரத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். சாப்பாட்டை மாற்றியும் அடங்காவிட்டால் அகார்போஸ் போன்ற மருந்துகள் இருக்கின்றன. பேச்சு குழறினாலோ, சுற்றி நடப்பது புரியாமல் போனாலோ, மயங்கினாலோ வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், ஆஸ்பத்திரிதான். வண்டி ஓட்டும்போது தொடங்கினால் ஓரங்கட்டிவிடுங்கள். சாப்பிட்டு 10 முதல் 30 நிமிடத்துக்குள் வயிறு பிசைந்து, முகம் சூடாகி, பேதியானால் அது டம்பிங்காக இருக்கலாம், அதாவது சாப்பாடு குடலில் மளமளவென்று கொட்டிவிடுவது. அதையும் மனக்கோளாறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எதிலும் பிடிப்பில்லாமல் கிடப்பதும், சள்சள் என்று எரிந்து விழுவதும், பெயர் மறந்துபோவதும் இதே ரகமாக இருக்கலாம். பி12, இரும்பு, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் டி, தைராய்டு எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். பைபாஸில் சாப்பாடு அந்த வழியாகப் போவதே இல்லை. அதனால் மாத்திரை பத்தாமல் சிலருக்கு ரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டிவரும். நீங்கள் ஒழுங்காக மாத்திரை போடவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. இரும்பு மாத்திரையை டீ காபியோடும் கால்சியத்தோடும் சேர்க்காமல், கால்சியத்துக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இதில் அவசரமானது ஒன்று உண்டு. நாள்கணக்கில் வாந்தி நிற்காமல், நடை தள்ளாடினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ தயமின் எனும் பி1 தீர்ந்துபோயிருக்கலாம். அடுத்த ரிவியூ வரை காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவில், "எடை குறைப்பு ஆபரேஷன் ஆனவர், வாந்தி நிற்கவில்லை, குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் கொடுக்க வேண்டுமா பாருங்கள்" என்று கூட வருகிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ரத்தமெல்லாம் சரியாக இருந்தும் துக்கம் போகவில்லையா? சரி, அது துக்கம். அதற்கும் வைத்தியம் உண்டு. மனநல டாக்டரிடம் போகும்போது என்ன ஆபரேஷன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் நமக்குச் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். அவர் வேறு வடிவத்தில் மாற்றிக் கொடுப்பார்.

"ஏன் செய்துகொண்டோம்" என்று வரும் ராத்திரிகள்

வரும். அதை விரட்டப் பார்த்தால் இன்னும் பலமாக வரும். நான் ஒரு நோட்டின் முதல் பக்கத்தில், ஆபரேஷனுக்கு முன் என் நாள் எப்படி இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். மாடி வகுப்புக்கு ஏற இரண்டு இடத்தில் நின்றது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர் விழித்துக் கிடந்தது, ஏறிக்கொண்டே போன மாத்திரை, டாக்டர் சொன்னது, நான் கேட்ட கேள்விகள். அன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைக்கு எடுத்த முடிவு அது. இன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைய மனுஷியைக் கூண்டில் ஏற்றுவது நியாயமே இல்லை. எதிர்ப்பக்கத்தில் இழந்ததை எழுதியிருக்கிறேன்: வயிறு நிறையச் சாப்பிடும் சுகம், கவலையில்லாத பயணம், அடர்த்தியான கூந்தல். இரண்டு பக்கமும் உண்மை. நன்றியோடு இருக்க வேண்டும் என்று உங்களை நீங்களே மிரட்டிக்கொள்ளாதீர்கள். சர்க்கரை மாத்திரை நின்றதற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டே, சாப்பாடு போனதற்கு அழலாம்.

"வாயைக் கட்டத் தெரியாம குறுக்கு வழியில போனே, அதான் அனுபவிக்கிறே" என்று ஒருவராவது சொல்லியிருப்பார். எனக்குச் சொன்னவர் என் ரத்த உறவு. இந்த ஆபரேஷனுக்குக் காப்பீடு தர நம் நாட்டு விதி என்ன கேட்கிறது தெரியுமா? பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, 40 அல்லது அதற்கு மேல். இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், தூக்கத்தில் கடும் மூச்சடைப்பு போன்ற ஒன்று. அதுவும் மற்ற வழிகள் பலன் தராத பிறகுதான். டாக்டர் பரிந்துரையும் வேண்டும். வேறு வழி அடைபட்ட பிறகு வருகிற வைத்தியத்தைக் குறுக்கு வழி என்பது பெரிய அநியாயம். எந்த ஆபரேஷனிலும் ஒரு பங்கு பேருக்குச் சிக்கல் வரும். பித்தப்பை ஆபரேஷனில் சிக்கல் வந்தவரை யாரும் பாவி என்பதில்லை.

டாக்டர் முன்னால் வாயடைத்துப் போகிறவர்களுக்கு

அறைக்குள் போனதும் எடை மெஷினைப் பார்த்து "சூப்பர், இவ்வளவு குறைஞ்சிருக்கே" என்பார்கள். அதற்கப்புறம் கஷ்டத்தைச் சொல்ல நமக்கே கூச்சமாகிவிடும். அதனால் சீட்டில் எழுதி நீட்டுங்கள். "அடிக்கடி வாந்தி" என்று எழுதாமல், "வாரத்தில் நான்கு நாள், சோறு சாப்பிட்டால் மட்டும், கஞ்சிக்கு இல்லை" என்று எழுதுங்கள். கீழே கேள்விகள்: இது எதனால், எப்போது மறுபடி வர வேண்டும், எது நடந்தால் உடனே ஓடி வர வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். இரவில் மனசு அலைபாயாமல் இருக்க அந்தப் பதில்தான் உதவுகிறது. எனக்குச் சொல்லப்பட்டது: வயிறு முறுக்கிப் பிடித்து வலி விடாமல் இருந்தால் நேரம் பார்க்காமல் வா. பைபாஸில் குடல் உள்ளே சிக்கிக்கொள்ளும் ஆபத்து வருடங்கள் கழித்தும் உண்டு. தலைவலி, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வேண்டாம். இணைப்பில் புண் வரலாம்.

திருப்தி இல்லையென்றால் ஃபைலோடு இன்னொரு டாக்டரைப் பாருங்கள், அது துரோகம் ஆகாது. டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆபரேஷன் குறிப்பும் உங்கள் கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டுப் பயம்

ஒருமுறை தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொண்டால், சுருக்கத்தை விரித்த பிறகும் உடம்பு அதை மறப்பதில்லை. தட்டைப் பார்த்தாலே வயிறு இறுகும். டாக்டர் வழி சரியாக இருக்கிறது என்று உறுதி சொன்னபின், குழைந்த பருப்புச் சோற்றிலிருந்து தொடங்கினேன். டீஸ்பூனில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது, டிவி இல்லாமல். அது பழகியபின் இட்லி, அப்புறம் மீன். சப்பாத்தியும் கோழித் துண்டும் கடைசியில். ஒரு படி சரிவராவிட்டால் முந்தைய படிக்குப் போய் சில நாள் அங்கேயே இருங்கள்.

பந்தி

நம் ஊரில் சாப்பிடாமல் தப்பிக்க இடமே கிடையாது. வளைகாப்பு, காதுகுத்து, கிடா விருந்து, எங்கே போனாலும் இலைதான். இலையில் மிச்சம் வைத்தால் சமைத்தவர் முகம் வாடும். அதைப் பார்க்க முடியாமல் ஒரு காலத்தில் விசேஷங்களையே தவிர்த்தேன். உறவே விட்டுப்போய் இன்னும் தனிமையாகிவிட்டது.

இப்போது செய்வது இது. கிளம்பும் முன் வீட்டிலேயே முட்டையோ சுண்டலோ சாப்பிட்டுவிடுவேன். மண்டபத்தில் பரிமாறும் பக்கம் போய் ஒரு வாளியைக் கையில் எடுத்துக்கொள்வேன். பரிமாறுகிறவளை யாரும் "ஏன் சாப்பிடலை" என்று கேட்பதில்லை. கடைசிப் பந்தியில் விவரம் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றிலும் ஒரு ஸ்பூன் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். பாயசத்துக்கு இலையின் மேல் கையை வைத்து மறைத்துவிடுவேன். துருவித் துருவிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: "குடல்ல ஆபரேஷன் ஆகியிருக்குங்க, டாக்டர் இவ்வளவுதான் சொல்லியிருக்கார்." பொய்யும் இல்லை, முழுக்கதையும் இல்லை. இதை வீட்டில் இரண்டு மூன்று முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், அங்கே குரல் நடுங்காது. பெரியம்மா "நல்லா இருந்த உடம்பைக் கெடுத்துக்கிட்டியேடி" என்று ஆரம்பித்தால், "ஆமா பெரியம்மா, கஷ்டமாத்தான் இருக்கு, வேற பேசுவோமே" என்பேன். வாதாடினால் எனக்குத்தான் அசதி.

சீரக சம்பா பிரியாணி வாசனை தெருவெல்லாம் வரும் ஊரில் இருந்துகொண்டு இரண்டு ஸ்பூனோடு நிறுத்துவது வலிக்கும். அந்த வலியை அற்பம் என்று நினைக்காதீர்கள். சாப்பாடு நமக்குப் பண்டிகை, பாசம், அம்மா கை. அதில் ஒரு பங்கு போனால் துக்கம் கொண்டாடத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது பிரியாணி வாங்கினால் என் பங்கைச் சின்னக் கிண்ணத்தில் முதலில் எடுத்து வைத்துவிடுவார்கள். கூடவே உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுகிறேன்.

வீட்டில் இருப்பவர்களிடம் "எனக்கு ஆதரவா இருங்க" என்றால் அவர்களுக்கு என்ன செய்வதென்று புரியாது. வேலையாகச் சொல்லுங்கள். என் வீட்டுக்காரரிடம், "என்னங்க, நான் வாந்தி எடுத்துட்டு வந்தா எதுவும் கேக்காதீங்க, தண்ணி மட்டும் கொண்டாந்து பக்கத்துல உக்காருங்க" என்றேன். அதைத்தான் செய்கிறார். பள்ளியில் பக்கத்து வகுப்பு டீச்சருக்கு மட்டும் குளுக்கோஸ் இருக்கும் இடம் தெரியும்.

கடைசியாக, வெட்கப்படாமல் பேச வேண்டியது. பைபாஸுக்குப் பிறகு மது சீக்கிரம், கடுமையாக ஏறும். துக்கத்துக்குக் குடிக்க ஆரம்பித்து விட முடியாமல் போகிறவர்கள் உண்டு. ஆபரேஷனுக்குப் பிந்தைய வருடங்களில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது சிலரிடம் கூடுவதாக ஆய்வுகளும் சொல்கின்றன. "இருந்து என்ன" என்ற எண்ணம் அடிக்கடி வந்தால், காலை வரை காத்திருக்காமல் 14416-ஐ அழையுங்கள். அது அரசின் டெலி மானஸ், கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் இதை அப்படியே படியுங்கள்: "எனக்கு எடை குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கு. தொந்தரவு இன்னும் தீரலை. வாழவே வேண்டாம்னு தோணுது." மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் அவரை எழுப்பிவிட்டு அழையுங்கள்.