ஓல்னி ஊரின் கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில், கிரேட் ஊஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது ஓல்னி. ஆறாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சின்னச் சந்தை ஊர். ஆனால் உலகம் முழுக்கப் பாடப்படும் ‘அமேசிங் கிரேஸ்’ என்ற கிறிஸ்தவ பக்திப் பாட்டு பிறந்தது இங்கேதான். பெண்கள் வாணலியும் கையுமாக ஓடும் பான்கேக் (மாவு அடை) பந்தயமும் இந்த ஊருடையதுதான். தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டு பெருமைகளைச் சுற்றியே வருகின்றன.

முதலில் பாட்டு. அதை எழுதியவர் ஜான் நியூட்டன். அடிமைக் கப்பல் கேப்டன் புயலில் சிக்கினார், மனம் திரும்பினார், அன்றோடு அந்தத் தொழிலை விட்டார், பாட்டை எழுதினார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது. புயல் வந்தது 1748-ல். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களுக்குக் கேப்டனாகவே ஆனார். 1754-ல் கடலை விட்டதும் உடம்பு முடியாமல் போனதால்தான். 1764-ல் போதகராக ஓல்னிக்கு வந்தார். 1773 புத்தாண்டு நாள் ஆராதனைக்காக அந்த வரிகளை எழுதினார் என்று கருதப்படுகிறது. அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் வெளிப்படையாக எழுதியது 1788-ல். அதற்குள் ஓல்னியை விட்டு லண்டனுக்கே போய்விட்டார். இடையில் கழிந்த 40 ஆண்டுகளைத் தயவுசெய்து சுருக்காதீர்கள். சுருக்கினால், அந்தக் கப்பல்களின் கீழ்த்தட்டில் சங்கிலியோடு கிடந்த மனிதர்கள் கதையிலிருந்தே காணாமல் போய்விடுகிறார்கள்.

மெட்டையும் ஓல்னியின் கணக்கில் சேர்க்கக் கூடாது. இன்று நாம் பாடும் மெட்டு இந்த வரிகளோடு சேர்ந்தது அமெரிக்காவில், 1835-ல். ஓல்னியில் நியூட்டன் காலத்தில் கூடியிருந்தவர்கள் அந்த மெட்டில் பாடியிருக்க வழியில்லை.

அப்புறம் பந்தயம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாயன்று நடக்கும். ‘1445 முதல் இடைவிடாமல் நடக்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். தேவாலய மணி கேட்டு அவசரத்தில் வாணலியோடு ஓடிய ஓர் இல்லத்தரசியின் கதை வாய்வழியாக வந்தது. 1445 அந்தக் கதையோடு ஒட்டிக்கொண்ட ஆண்டு. பந்தயம் இடையிடையே நின்றும் போயிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948-ல், அன்றைய போதகர் ரொனால்டு காலின்ஸ் பழைய புகைப்படங்களைப் பார்த்துவிட்டுத்தான் அதை மறுபடி தொடங்கி வைத்தார். இப்படி உண்மையைச் சொல்வதால் பந்தயத்தின் மதிப்பு கொஞ்சமும் குறையாது. போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டுக் காலத்தில் ஓர் ஊர் தன் விழாவை மீட்டெடுத்தது, என்னைக் கேட்டால், 1445-ஐ விடப் பெரிய செய்தி. ஓடுகிற தூரம் 415 கெஜம், சந்தைத் திடலிலிருந்து தேவாலயம் வரை. ஏப்ரனும் தலைத்துணியும் கட்டாயம். ஓல்னிப் பெண்கள்தான் ஓடலாம். 1950 முதல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து லிபரல் என்ற ஊரும் அதே நாளில் ஓடுகிறது. இரண்டு ஊர்களும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கின்றன.

இதையெல்லாம் விட எனக்கு அதிகம் உறுத்துவது, லேஸ் என்ற மெல்லிய நூல் பின்னலைச் செய்த பெண்களை விட்டுவிடுவது. ஊர் வரலாறு என்றால் நியூட்டன், அவருடைய நண்பரான கவிஞர் வில்லியம் கூப்பர் என்று இரண்டு ஆண்களோடு முடித்துவிடுகிறார்கள். ஆனால் கூப்பரே 1780-ல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் சிறிய ஊரில் ஏறக்குறைய 1,200 லேஸ் தொழிலாளர்கள் இருப்பதாகவும் நூற்றுக்கணக்கானவர்கள் பட்டினியின் விளிம்பில் நிற்பதாகவும் சொல்கிறார். வைக்கோல் திணித்த திண்டின் மேல் பின்னல் வடிவத்தைத் துளைகளாகக் குத்திய தோலை விரித்து, துளைக்கொரு குண்டூசி குத்தி, மரத்திலோ எலும்பிலோ செய்த, நூல் சுற்றிய பாபின்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. நூல் விறைப்பாக நிற்பதற்கு ஒவ்வொரு பாபின் நுனியிலும் கண்ணாடி மணிகள் கோத்திருப்பார்கள். இருட்டிய பிறகு ஒற்றை மெழுகுவத்தி. அதைச் சுற்றித் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகள். குடுவை வழியே குவியும் வெளிச்சம் யார் திண்டில் விழுகிறதோ அவர் பின்னலாம். சின்னக் குழந்தைகளையும் லேஸ் பள்ளிகளில் உட்கார வைத்தார்கள். எழுத்துக்குப் பதிலாக அவர்கள் கற்றது பெரும்பாலும் இந்தப் பின்னலைத்தான். பின்னர் இயந்திர லேஸ் மலிவாக வந்து இந்தக் கைத்தொழிலைச் சாய்த்தது.

கடைசியாக ஒன்று. கல் வீடுகளையும் தேவாலயக் கோபுரத்தையும் பார்த்துவிட்டு, காலம் உறைந்த ஊர் என்று எழுதிவிட வேண்டாம். பயணிகள் ரயில் 1962-ல் நின்றுபோனது. தெற்கே, 1967-ல் அறிவிக்கப்பட்ட புதுநகரமான மில்டன் கீன்ஸ் வளர்ந்து, இன்று ஓல்னி அதன் நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது. வியாழக்கிழமைச் சந்தை மட்டும் இன்னும் கூடுகிறது. போக வாய்ப்பிருந்தால் வியாழக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். சந்தைத் திடலில், கூப்பர் குடியிருந்த வீடு 1900 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. கவிஞரின் அறைகளோடு திரும்பிவிடாதீர்கள், லேஸ் சேகரிப்பும் அங்கேயே இருக்கிறது.